ஜெர்மனி வழியாக ஜப்பான்

"பெட்டி எங்க கிளம்புது?" என்று எதிர் பால்கனியிலிருந்து திமோஸ் கேட்டான்.

லெஃப்தேரிஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். பரணில் வருடக்கணக்கில் கிடந்த பெட்டி அது. பூஞ்சை வாடை போக வெயிலில் வை என்று மனைவி ஸ்தமாத்தா சொல்லியிருந்தாள். யாரும் பார்க்காத பக்கமாக வை என்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கிரேக்கக் கடற்கரை ஊரில் யாரும் பார்க்காத பக்கம் என்று ஒன்று இருந்தால், அது தண்ணீருக்கு அடியில்தான் இருக்கவேண்டும்.

"ஆஸ்பத்திரிக்கு" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கா? அதுக்குள்ள ஒரு கன்னுக்குட்டியே நிக்கும் போலிருக்கே."

"ரொம்ப நாள் தங்கணுமாம். முதுகு."

திமோஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். அத்திமரச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் நடந்த மிக நீளமான உரையாடல் இதுதான். மரம் திமோஸின் தோட்டத்தில் நிற்கிறது. பழமெல்லாம் லெஃப்தேரிஸின் முற்றத்தில் விழுகிறது. பழம் யாருக்கு என்று கோர்ட் வரைக்கும் போய், நீதிபதியே அலுத்துப்போய் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னதும் ஸ்தமாத்தா கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"அக்கா பொண்ணு கல்யாணத்துக்குப் போறோம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே, மனுஷா."

"உனக்கு அக்காவே கிடையாதே."

"உனக்கு மூளைகூடத்தான் கிடையாது. அதை நான் ஊர்ல சொல்லிக்கிட்டா திரியறேன்?"

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஜப்பானுக்குப் போகவேண்டும் என்பது புதுப் பெண்ணாக அந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை. முதல் முறை சந்தையில் பெருமையாகச் சொன்னாள். அந்த வாரமே லெஃப்தேரிஸின் ஆணி, பெயின்ட் கடையில் குழாய் வெடித்து, சரக்கு மொத்தமும் துறைமுகத்தை நோக்கி வண்ண வண்ணமாக ஓடியது. அடுத்த முறை ஒரு கல்யாணத்தில் சொன்னாள். தேவாலயப் படியிலேயே விழுந்து காலில் மாவுக்கட்டு. ஊர்க் கண் பட்டுவிட்டது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. வாசலில் திருஷ்டிக்காகத் தொங்கிய நீலக் கண்மணியால் அவ்வளவு பொறாமையைத் தாங்க முடியவில்லை, பாவம்.

அதனால் இந்த முறை, மகள் ஃபோதினி கதவையெல்லாம் சாத்திக்கொண்டு கைபேசியில் டிக்கெட் போட்டாள். "ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது" என்று ஸ்தமாத்தா புருஷனிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"சரி, விடும்மா" என்றாள் ஃபோதினி. "அப்பாவுக்கு முதுகு வலின்னே இருக்கட்டும். கடையைப் பூட்டறதுக்கும் ஒரு காரணம் ஆச்சு."

அன்று மாலையே கோழி சூப் வந்தது. பின்னாலேயே கீரை வைத்துச் சுட்ட அப்பம், அதன் பின்னால் ஒரு தட்டு நிறையப் பால் சோறு. தட்டுகளுக்குப் பின்னால் திமோஸ்.

"கவலையே படாத. ஏதென்ஸ் பெரியாஸ்பத்திரியில என் அண்ணன் பொண்ணு நர்ஸ். உன் பேரைச் சொல்லியாச்சு. தனி அறை, ஜன்னலோரம். என்னிக்கு வர்றன்னு மட்டும் சொல்லு."

லெஃப்தேரிஸுக்குச் சூப் புரையேறியது. "ஏதென்ஸ் இல்ல" என்றார் இருமிக்கொண்டே.

"பின்ன?"

"ஜெர்மனி."

திமோஸ் உட்கார்ந்துவிட்டான். அந்த ஊரில் முதுகு வலிக்கு யாரும் ஜெர்மனி போனதில்லை. பித்தப்பைக்கு ஏதென்ஸ், இதயத்துக்கு ஏதென்ஸ். ஜெர்மனி என்றால், கேட்பவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிற வியாதி.

"வேற வழியே இல்லையா?" என்றான் தணிந்த குரலில்.

"இல்ல" என்றார் லெஃப்தேரிஸ். அது உண்மைதான்.

மறுநாள் ஸ்தமாத்தாவின் தங்கை யோர்கியா தெருமுனையிலேயே அழ ஆரம்பித்து, அழுகை குறையாமல் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அத்தான், உங்களைத் தனியா விடமாட்டேன். நானும் ஜெர்மனி வர்றேன். என் புருஷனும் வர்றாரு. வேனே எடுத்துக்கலாம்."

"வேண்டாம், வேண்டாம். டாக்டருங்க விடமாட்டாங்க. பொண்டாட்டி, பிள்ளை மட்டும்தான்."

"அது ஏன் அப்படி?"

லெஃப்தேரிஸ் மனைவியைப் பார்த்தார். மனைவி உத்தரத்தைப் பார்த்தாள்.

"கூட்டம் சேர்ந்தா நோயாளி மனசு தாங்காதாம்" என்று இழுத்தார். "இந்த மாதிரி கட்டத்துல."

"இந்த மாதிரி கட்டமா" என்று யோர்கியா சோபாவில் சாய்ந்தாள். முகத்தைக் குஷனில் புதைத்துக்கொண்டு நெடுநேரம் குலுங்கினாள்.

அவள் போனதும் ஸ்தமாத்தா சொன்னாள்: "ஒரு பெட்டியை வெளிய வைக்கச் சொன்னேன். நீ உன்னையே சவப்பெட்டியில வெச்சுட்ட."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் கோஸ்மாஸ் அவருக்காகச் சிறப்புப் பிரார்த்தனை வைத்தார். "நெடுந்தூரப் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் நம் சகோதரன் லெஃப்தேரிஸை, அவன் போய்ச் சேரும் இடத்தில் அன்போடு வரவேற்பார்களாக" என்று கணீரென்று வேண்டினார். முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாடகர் குழுவில் பலருக்குத் தோள்கள் குலுங்கின. ஒருவர் பாட முடியாமல் வெளியே ஓடிவிட்டார். ஊர் தன்மீது இவ்வளவு பாசம் வைத்திருந்ததா என்று லெஃப்தேரிஸும் தன் கைக்குட்டையை எடுத்தார்.

அதன் பிறகு அவர் நொண்டாமல் நடக்க முடியவில்லை. சில நாள் இடதுகால், சில நாள் வலதுகால். காபிக்கடைக்குப் போனால் முதலாளி தானாசிஸ் ஓடிவந்து நாற்காலியில் தலையணை வைத்தார்.

"நேத்து இந்தப் பக்கம்தானே சாய்ஞ்சு நடந்தீங்க?"

"பரவுது" என்றார் லெஃப்தேரிஸ்.

வந்த சாப்பாட்டையெல்லாம் வீணாக்கக்கூடாது என்று சாப்பிட்டதில் கன்னம் உப்பி, நிறம் ஏறி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "சாகப் போறவன் மாதிரியா இருக்க?" என்று ஸ்தமாத்தா தட்டைப் பிடுங்கினாள். பார்க்க வந்த கிழவர் ஒருவர் கன்னத்தைக் கிள்ளிப்பார்த்துவிட்டு, "வீக்கம்" என்று பெருமூச்சு விட்டார்.

கிளம்புவதற்கு முந்தின மாலை திமோஸ் ஒரு கூடை அத்திப்பழத்தோடு வந்து நின்றான். தலையைக் குனிந்தே இருந்தான்.

"மரம் உன்னோடதுன்னே வெச்சுக்கோ, லெஃப்தேரிஸ். நான்தான் அநியாயம் பண்ணினேன். மனசுல வெச்சுக்காம போ."

கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் ஓடினான். லெஃப்தேரிஸ் கூடையோடு நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்கில் ஜெயிக்க என்னென்னவோ செய்தவர்தான். ஆனால் செத்துப்போகிறவனுக்கு விட்டுக்கொடுத்த பழத்தை, சாகாமல் திரும்பி வந்து எப்படித் தின்பது?

"சொல்லிடலாம்" என்றார் மனைவியிடம்.

"வாயைத் திறந்தா விமானமே விழும். ஏறி உட்கார்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

காலையில் டாக்ஸி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. பெட்டியைத் தூக்க நான்கு பேர் போட்டிபோட்டார்கள். யாரோ ஜெபமாலையைக் கையில் திணித்தார்கள். யோர்கியா டாக்ஸியின் முன்பக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாதிரியார் கோஸ்மாஸ் துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்தார். அது லெஃப்தேரிஸின் மூக்கில் விழுந்து வழிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் தானாசிஸ் ஏனோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிவு தாங்கவில்லை போலும்.

ஃபோதினி ஏறிவிட்டாள். ஸ்தமாத்தா ஏறிவிட்டாள். லெஃப்தேரிஸ் ஒரு காலை உள்ளே வைத்தார். இன்னொரு கால் வரவில்லை.

"ஏறு, மனுஷா" என்று உள்ளிருந்து ஸ்தமாத்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் இறங்கிவிட்டார். நேராக நிமிர்ந்து நின்றார். பல நாளைக்குப் பிறகு ஊர் அவரை அப்படிப் பார்த்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "முதுகு கல்லு மாதிரி இருக்கு. ஜெர்மனியும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல. நாங்க ஜப்பான் போறோம், ஊர் சுத்திப் பார்க்க. கண் பட்டுடும்னு பயந்து பொய் சொன்னேன். உங்க சூப்பையெல்லாம் குடிச்சேன். திமோஸ், மரம் உன்னோடதுதான். எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

ஸ்தமாத்தா கண்ணை மூடிக்கொண்டு, கண் படாமலிருக்கத் தன் மார்பில் மூன்று முறை 'தூ, தூ, தூ' என்று துப்பிக்கொண்டாள். யோர்கியாவின் அழுகை, குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டது.

பாதிரியார் கோஸ்மாஸ் துளசிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தானாசிஸ் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அக்கா ரகசியமா சொன்னதை யோர்கியா வந்து ஜப்பான்னு உடைச்ச அன்னிக்கே பந்தயம் கட்டினேன்ல, டாக்ஸி கதவு சாத்தறதுக்குள்ள இவனே ஒத்துக்குவான்னு? எடுய்யா பணத்தை."