பார்வையிட்டேன், திருப்தியில்லை

உலகத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், திருத்துபவர்கள் இருக்கிறார்கள், களவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்று கூட்டத்தாலும் நாட்டுக்கு அப்படியொன்றும் பெரிய கெடுதி வந்துவிடவில்லை. நான்காவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, அதுதான் ஆபத்து. அடுத்தவர் வாங்கிய புதுச் சைக்கிளைச் சோதிப்பவர்கள். இவர்களுக்கு 'ஆனா'க்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அதென்ன பெயர் என்கிறீர்களா? நீங்கள் ஒரு புதுச் சைக்கிளை வாங்கி, பொலித்தீன் உறையைக்கூட முழுதாகக் கழற்றாமல், தெருவில் இரண்டு பேர் பார்த்தால் நல்லது என்ற சின்ன ஆசையோடு மெதுவாக மிதித்துக்கொண்டு போகிறீர்கள். எங்கிருந்தோ ஒருவர் வந்து ஹாண்டிலைப் பிடித்து நிறுத்துகிறார். குனிந்து முன் ரயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, பின் ரயரை ஒரு அமுக்கு. பெல்லை அடித்து, டொக்டர் நெஞ்சுச் சத்தம் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுழற்றி, சில்லு சுற்றி ஓயும்வரை உங்களையும் வெயிலில் காக்க வைக்கிறார். கடைசியில் நிமிர்ந்து, "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். உங்கள் முகம் மலர்கிறது. "ஆனா..." என்கிறார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஓடினாலும் அந்த 'ஆனா' கரியரில் ஏறி உங்களோடுதான் வரும்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு அரசாங்க அலுவலகம். பெயர் வேண்டாம், உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதான். அங்கே பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர் க. பாக்கியரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. அலுவலக முற்றத்துக் கொட்டிலில் பதினெட்டுச் சைக்கிள் நிற்கும்; அவர் கட்டைவிரல் படாமல் அதில் ஒன்றுகூட உள்ளே வந்ததில்லை. அந்த விரல் நுனியில் ரயர்க் கறுப்பு நிரந்தரமாகக் குடியிருந்தது. அவருடைய சொந்தச் சைக்கிள் எப்படி என்று கேட்கிறீர்களா? கேட்கக்கூடாது. செயின் கவர் கட்டுக்கம்பியில் தொங்கும். பிறேக்குக்குப் பதிலாக வலது காற் செருப்பு.

அவருக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. காகிதத்தில் வெறும் பெட்டி ஒன்றைக் கண்டால் எழுதாமல் விடமாட்டார். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எந்தக் கோப்பு வந்தாலும், எந்த விண்ணப்பம் வந்தாலும், கடைசிப் பெட்டியில் சிவப்புப் பேனாவால், 'பார்வையிட்டேன். திருப்தியில்லை. க.பா.' எழுதிவிட்டு அதே கோப்பை அனுமதித்தும் விடுவார். அனுமதி வேறு, திருப்தி வேறு. திருப்தி என்று எழுதிக்கொடுத்தால் மனிசர் தலையில் ஏறிவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. ஒரு கலியாண வீட்டில் வாழ்த்து எழுதச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. "பாக்கியம் சேர் என்ன சொன்னவர்?" என்று கேட்காமல் கொட்டிலில் யாரும் ஒரு பிறேக் கட்டைகூட மாற்றமாட்டார்கள். வீட்டில் அவர் சொல்லைப் பூனையும் கேட்பதில்லை. இங்கே பதினெட்டுப் பேர் கேட்டார்கள். அந்த மனிதருக்கு உலகத்தில் சொந்தமாக இருந்தது அந்த ஒரு மதிப்புத்தான்.

அதற்கு உலை வைக்கத்தான் நிரோஜினி சைக்கிளில் வந்து இறங்கினாள்.

புதிதாக மாற்றலாகி வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர். அவள் கொண்டுவந்தது, கொழும்பில் ஒரு கம்பனி, வேலைக்குப் போய் வருபவர்களுக்கென்றே வெளியிட்டிருந்த 'அலை' என்ற புதுச் சைக்கிள். கடையில் நிற்பதை வாங்கிக்கொண்டு போகிற கதையே அதில் இல்லை. நிறம் உங்கள் விருப்பம், ஹாண்டில் உங்கள் விருப்பம், சீற் உங்கள் விருப்பம். நீங்கள் சொன்னபடி செய்து, அதே நிறத்தில் கூடையும் பெல்லும் ஹெல்மெட்டும் தோள்பையும் தண்ணீர்ப் போத்தலும் பூட்டும் சேர்த்து அனுப்புவார்கள். நிரோஜினியுடையது செவ்விளநீர் நிறம். முற்றமே கொஞ்சம் வெளிச்சமாகிவிட்டது.

கொட்டில் கூடியது. வாசல் காவலாளி ஹஸன் நானா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "மிஸ், இதில அரிசி மூடை ஒண்டு கட்டேலுமா?" என்று கேட்டார். கணக்குக் கிளைத் துவாரகன் கியர் எத்தனை என்று விசாரித்து, ஏழு என்றதும் தானே செய்து பூட்டியதுபோல் தலையாட்டினான். இன்னொருவர் போத்தலைக் கழற்றி மணந்து பார்த்தார். ஏன் மணந்தார் என்று அவருக்கே தெரியாது. பிறகு எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

பாக்கியரத்தினம் வந்தார். அமுக்கினார். அடித்தார். தூக்கிச் சுழற்றினார். சில்லு ஓயவே மாட்டேன் என்றது. அது வேறு கோபம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா இது என்ன மிஸ், சைக்கிளோ, கலியாணச் சோடினையோ? உந்தக் கூடையை மான் திண்டிடும். பெயின்ற் எங்கட உப்புக் காத்தில ஒரு மழை தாங்காது. ரெண்டாம் மாசம் கறள் பிடிச்சிடும்."

இந்த நகரத்தில் மான்கள் தெருவில் திரியும். கடைவாசலில் வாழைப்பழத் தோல் கேட்டு நிற்கும். ஆகவே கூடை விஷயத்தை எல்லோரும் கவலையோடு ஏற்றுக்கொண்டார்கள்.

"பரவாயில்லை சேர்," என்றாள் நிரோஜினி. "எனக்குப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு, செவ்விளநீர் நிறப் பூட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு பதிலை அவர் கேட்டதில்லை. வாதாடுபவரை மடக்கலாம், முகம் வாடுபவரை ஆறுதல்படுத்தலாம். பிடிச்சிருக்கு என்பவரை என்ன செய்வது?

அன்று பின்னேரம் உவர்மலை ஏற்றத்தில் அவர் வழமைபோல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். "சேர், வாறன்!" என்று ஒரு குரல். நிரோஜினி மிதித்து ஏறிப் போய்க்கொண்டிருந்தாள், மூச்சுக்கூட வாங்கவில்லை. அந்த இடத்தில், நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்த அந்த நிமிஷத்தில், பாக்கியரத்தினத்துக்கு ஆசை வந்தது. அதுவும் எப்படிப்பட்ட ஆசை! ஐம்பத்தெட்டு வயதுக்குக் கொஞ்சமும் அடுக்காத, வெட்கம் கெட்ட ஆசை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று ஃபோனில் நிறம் நிறமாகப் பார்த்தார். கடல்பச்சையில் மனம் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, அவர் வாய். மற்றது, 'அலை' திருகோணமலைக்கு மாதத்துக்கு ஒன்றுதான் வரும். மத்திய வீதியில் ஜெமீலின் கடையில் பதிய வேண்டும். அந்த மாதத்து ஒன்றை, அதுவும் கடல்பச்சையில், ஏற்கெனவே ஒருவர் பதிந்துவிட்டார். அவர் அதே அலுவலகத்து நஜ்முன் நிஸா.

நிஸா ஜமாலியாவிலிருந்து வருபவர். பிறந்ததிலிருந்து அவர் ஓடியதெல்லாம் கூடப்பிறந்த நானாமார் ஓடிக் கழித்த சைக்கிள்கள்தான். நாற்பத்தொரு வயதில் முதல்முதலாகத் தனக்கென்று ஒன்று. அதன் படத்தை ஃபோனில் வைத்து, மத்தியானச் சோற்றோடு சேர்த்து ரசித்துக்கொண்டிருந்தார். பாக்கியரத்தினம் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்தார்.

"நிஸா மிஸ், குறை நினைக்கப்படாது. நல்ல சைக்கிள்தான். ஆனா உங்கட பக்கத்து மணல் ஒழுங்கையில அந்த மெல்லிசு ரயர் ஓட ஏலாது."

"ஜெமீல் நானா ஓடும் எண்டாரே சேர்?"

"விக்கிறவன் ஓடாது எண்டு சொல்லுவானோ? அதோட, அந்தப் பச்சை வெளிறினா என்னமாதிரி இருக்கும் தெரியுமோ? கிணத்துப் பாசி மாதிரி. உங்களில உள்ள அக்கறையில சொல்றன். பிறகு என்னைக் கேக்கப்படாது."

நிஸா படத்தை இன்னொரு முறை பார்த்தார். ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும், சேர்," என்றார்.

அன்று அவர் சோற்றை முழுதாகச் சாப்பிடவில்லை. பாக்கியரத்தினம் அதைக் கண்டார். கண்டுகொண்டே, அடுத்த நாள் மூன்றரை மணிக்குச் சோர்ட் லீவு போட்டுவிட்டு ஜெமீலின் கடையில் போய் நின்றார். இதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பெயர் ஒன்றும் கிடைக்காது.

"இந்த மாசத்து ஒண்டு கான்சல் ஆகிட்டுதெண்டு கேள்விப்பட்டன்," என்றார். கேள்விப்பட்டாராம்!

ஜெமீல் கடைத் தட்டில் கிடந்த பெரிய ஃபோன் போன்ற ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். "எல்லாம் தமிழில இரிக்கு சேர். நிரப்பிக்கொண்டிருங்க, நான் அசர் தொழுதிட்டு ஓடி வாறன்."

நிறம்: கடல்பச்சை. துணைப் பொருட்கள்: எல்லாம். முகவரி: அலுவலகம். வீட்டு முகவரி கொடுத்தால் மனைவி கேட்கக்கூடிய கேள்விகளை அவர் அறிவார். அலுவலகத்தில் சொல்வதற்கு ஒரு வசனம் தயாராக இருந்தது.

கடைசியில் ஒரு நீளப் பெட்டி. மேலே, கொழும்பில் யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்த தமிழில், 'தங்கள் வாசகம். இருபது எழுத்துக்குள்.' கம்பனி கேட்டது, சைக்கிள் குழாயில் எழுதித்தர வேண்டிய வாசகத்தை. ஒருவர் தன் பெயரைப் போடுவார், இன்னொருவர் பிள்ளையின் பெயரைப் போடுவார். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் கடைசிப் பெட்டி நிரப்பிப் பழகிய கைக்கு அது எங்கே தெரியப் போகிறது? கடைசிப் பெட்டி என்றால் அபிப்பிராயம். கை தானாகப் போயிற்று. 'பார்வையிட்டேன். திருப்தியில்லை. க.பா.' பதினாறே எழுத்து.

அதன் கீழே இன்னொரு கேள்வி: 'இதுவே துணைப் பொருட்களுக்கும் பொருந்துமா?'

பாக்கியரத்தினம் யோசித்தார். கூடை, பெல், ஹெல்மெட். உண்மையைச் சொன்னால் ஒன்றிலும் முழுத் திருப்தி இல்லைதான். கம்பனிக்காரன் நியாயமாகத்தான் கேட்கிறான். 'ஆம்' என்ற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

மூன்று வாரம் கழித்து, பத்து மணித் தேநீர் நேரத்தில் லொறி வந்தது. முழு அலுவலகமும் கோப்பையும் கையுமாக முற்றத்தில் நிற்க, பாக்கியரத்தினம் தன் வசனத்தை எடுத்துவிட்டார்.

"சும்மா சோதிச்சுப் பாக்கத்தான் எடுத்தனான். ஆராவது ஒராள் ஓடிப் பாத்து மற்ற ஆக்களுக்குச் சொல்லவேணுமே."

"ஓம் ஓம்," என்றார்கள் எல்லோரும். தங்களுக்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று சிலருக்கு உள்ளபடியே மனம் இளகியது.

ஹஸன் நானா மட்டையைக் கிழித்தார். முதலில் தெரிந்தது நிறம்.

"கடல்பச்சை," என்றார் நிஸா, மெதுவாக. அவர் முகத்தில் இருந்ததைப் பார்க்காமல் பாக்கியரத்தினம் வேகமாக ஹாண்டிலைப் பிடித்தார்.

பிறகு தெரிந்தது எழுத்து. குழாயில், வெள்ளையில், அழகான எழுத்து. ஹஸன் நானா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தார். "பார்...வையிட்டேன். திருப்...தியில்லை. க.பா." பெல்லில் வளைத்து எழுதியிருந்தது. கூடையின் நெற்றியில் எழுதியிருந்தது. ஹெல்மெட்டில், பையில், போத்தலில், பூட்டில். பின்னால் வருபவர் வாசிக்க வசதியாக மட்கார்ட்டிலும் எழுதியிருந்தது. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தம். கம்பனி சொன்ன சொல் தவறவில்லை.

யாரும் உடனே சிரிக்கவில்லை. பிரதம லிகிதர் அல்லவா? துவாரகன் மட்டும் கோப்பை வைக்க இடம் தேடுவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றான்.

"இது கம்பனிப் பேர்," என்றார் பாக்கியரத்தினம்.

"கம்பனிக்கும் க.பா.வோ சேர்?" என்றாள் நிரோஜினி.

அப்போதுதான் நிஸா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். குனிந்து, முன் ரயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். பின் ரயரை அமுக்கினார். பெல்லை அடித்துத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைச் சுழற்றினார். சில்லு சுற்றிற்று, சுற்றிற்று, ஓயவே இல்லை. எல்லோரும் காத்து நின்றார்கள், பாக்கியரத்தினமும் வெயிலில் காத்து நின்றார். கடைசியில் நிமிர்ந்து, குழாயில் இருந்ததை ஒருமுறை மனதுக்குள் வாசித்து, அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும், சேர்."

அதற்குப் பிறகு முற்றத்தில் எழுந்த சிரிப்பு சந்திவரை கேட்டது என்கிறார்கள்.

பாவம், அவர் என்ன செய்வார்? விற்கப் பார்த்தார், 'திருப்தியில்லை' என்று தன் வாயாலேயே சொல்லும் சைக்கிளை யார் வாங்குவார்? அழிக்கப் பார்த்தார், பத்து வருஷத்துக்கு உரியாது என்று கம்பனி உத்தரவாதம் கொடுத்திருந்தது. ஒரு மழை தாங்காது என்று அவர் சொன்ன அதே பெயின்ற்! மாரி முழுவதும் அதை வெளியில் நனையவிட்டு, காலையில் ஓடிப்போய் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கறளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மான்கூட ஒருநாள் வந்து கூடையை மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்கும் திருப்தியில்லை.

நிஸா அடுத்த மாதமே திரும்பப் பதிந்தார். அதே கடல்பச்சை. ஜமாலியா மணல் ஒழுங்கையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதன் குழாயில், 'நல்லாத்தான் இருக்கு.' முற்றுப்புள்ளியோடு.

இப்போது கொட்டிலில் புதுச் சைக்கிள் வந்தால் யாரும் வழிவிடுவதில்லை. பாக்கியரத்தினம் பழக்கதோஷத்தில் கிட்டப் போய், "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று வாயெடுப்பார். எதிரில் நிற்பவர் பக்கத்தில் நிற்கும் கடல்பச்சைக் குழாயை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். மீதி வசனத்தை மனிதர் விழுங்கிக்கொண்டு போய் மேசையில் இருந்துவிடுவார். வீட்டுப் பூனைக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அதுவும் இப்போது அவரைக் கண்டால் ஒருமாதிரிப் பார்க்கிறது.

நல்லது, நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். அவர் பெயர்கூட நாக்கு நுனியில் நிற்கிறது. இதை மடித்துவைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம், "நல்லாத்தான் எழுதியிருக்கு..." என்று தொடங்கப் போகிறீர்கள். தொடங்குங்கள். அடுத்த சொல் வாயில் வருமுன் உங்கள் வலதுகைக் கட்டைவிரலை மட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், கறுப்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.