தலைவர் வயல் கடைசி

சேசு மரி சூசை துணை

சூசைநல்லூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஜோசப்ராஜ் அவர்களுக்கு, மாமனார் பெரியநாயகசாமி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உங்கள் அத்தையும் இங்கே சுகம். சென்னையில் நீங்களும் லின்சியும் சுகமாக இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறோம். லின்சிக்கு இருமல் விட்டதா? இங்கே சுகமில்லாமல் நிற்பது என் சம்பா வயல் ஒன்றுதான். கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது, வேளாங்கண்ணிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அறுப்பு மிஷின் என் வயலுக்கு நேராக ரோட்டில் நிற்கிறது, ஆனால் இறங்க மாட்டேன் என்கிறது. இதற்கெல்லாம் காரணம் நீங்கள் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையை அப்படிச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பிவைத்த அந்தச் சபிஹா என்ற பெண் ஒருநாள் என் போனைக் கையில் வாங்கி, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க ஐயா" என்று தன் நம்பரைப் பதிந்து கொடுத்தாள். நம்பரை மட்டும்தான் பதிந்தாளா, வேறு எதையாவது சேர்த்துப் பதிந்தாளா என்று யார் கண்டது? அன்றிலிருந்து அந்தப் போனில் நான் உரம் பூச்சிமருந்து தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. பதிலுக்கு அவளும் என் நம்பரைக் கேட்டாள், சிஸ்டத்திலிருந்து மெசேஜ் வருமாம். கொடுப்பேனா? சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன்.

போன ஈஸ்டருக்கு நீங்கள் வந்திருந்தபோது, நம் விவசாயிகள் சங்கத்து அறுப்பு மிஷினுக்காக, தலைவர் என்று ஊரில் ஆளாளுக்கு என்னையே கூப்பிடுவதைப் பார்த்து, "மாமா, இதுக்கு ஒரு சிஸ்டம் போட்டுடலாம்" என்றீர்கள். மாப்பிள்ளை சொன்னதை எதிர்த்துப் பேசக் கூடாதே என்று தலையாட்டினேன். உங்கள் சிநேகிதரின் தஞ்சாவூர் கம்பெனியிலிருந்து இந்தப் பெண் வந்து இறங்கினாள். அதிராம்பட்டினத்துப் பிள்ளையாம், நல்ல மரியாதை, அதுவே எனக்கு முதல் சந்தேகம். வந்தவள் கம்ப்யூட்டரைத் திறப்பாள் என்று பார்த்தால், ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டாள். முதலில் இது நம்மால் முடியுமா என்று பார்ப்பார்களாம், அப்புறம் நமக்கு என்ன தேவை என்று கேட்பார்களாம், அப்புறம் எப்படி அமைப்பது என்று வரைவார்களாம், அப்புறம் செய்வது, சோதிப்பது, ஓடவிடுவது, பராமரிப்பது, பராமரிக்கும்போது புதுத் தேவை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. "அப்ப இது எங்கம்மா முடியும்?" என்றேன். "முடியாதுங்க ஐயா, அதான் வட்டம்" என்று சிரித்தாள். முடியாத வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே வேறு வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பிறகு தினமும் பஸ்ஸில் வந்து சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்க ஆரம்பித்தாள். யார் கூப்பிடுகிறார்கள், நான் என்ன பதில் சொல்கிறேன், யாரை "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்புகிறேன், எல்லாவற்றையும் கவனித்தாள். ஒரு படமும் வரைந்தாள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் என் பெயர், ஊரில் உள்ள அத்தனை பேரிடமிருந்தும் அம்புக்குறி என்னை நோக்கி. போலீஸ் ஸ்டேஷனில்கூட இப்படிப் படம் போட்டு நான் பார்த்ததில்லை. இது வருமான வரியா, விஜிலென்ஸா, அல்லது சங்கத்துத் தலைவர் பதவிக்குக் கண் வைத்திருக்கிற கோவிந்தராசு ஏற்பாடா என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள், "ஐயா, மிஷின் யார் வயலுக்கு முதல்ல போகும்? அதை எப்படி முடிவு பண்றீங்க?"

மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியும், நம் வயல் பாதையோரம். ரோட்டிலிருந்து மிஷின் இறங்குகிற சரிவே நம் வயலில்தான் இருக்கிறது. அதை அறுத்தால்தான் அதன்மேல் ஏறி மேலக்கரை உள்வயல்களுக்குப் போக முடியும். ஆகவே வருஷா வருஷம் என் வயல் முதலில். இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கோவிந்தராசு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், "தலைவர் வயல்தான் முதல்ல" என்று எந்த மடையன் சொல்வான்? நான் நெஞ்சை நிமிர்த்தி, "தலைவர் வயல் எப்பவும் கடைசிம்மா. ஊருக்கு முடிச்சிட்டுத்தான் நமக்கு. அதான் எங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். கோவிந்தராசு டீயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே பட்டது.

"எல்லா வயலுக்கும் வழி இருக்குங்களா ஐயா?" என்று அடுத்த கேள்வி. இல்லையென்றால் ஏன் இல்லை என்பாள், ஏன் என்றால் சரிவு யார் வயலில் என்பாள். "எல்லாத்துக்கும் இருக்கு" என்றேன். "நான் ஒருதடவை நடந்து பார்த்துடறேனே" என்றாள். விடுவேனா? "மேலக்கரை வரப்புல நல்லபாம்பு ஜாஸ்திம்மா, போனவாரம்கூட ஒண்ணு" என்றேன். முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள். "இப்ப சொல்றதுல ஏதாவது தப்பா இருந்தா பரவால்லைங்க ஐயா, இப்பவே அடிச்சு எழுதிடலாம். செஞ்சு முடிச்சப்புறம் தெரிஞ்சா எல்லாருக்கும் சிரமம். விதையில கலப்பு இருந்தா நாத்துல தெரியாது, கதிர்லதானே தெரியும்?" என்னிடமே விதையைப் பற்றிப் பேசுகிறாள். இது எச்சரிக்கையா மிரட்டலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் ரொம்ப நாள் ஆளையே காணோம். கம்பெனியோடு ஓடிவிட்டார்கள் என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். "செய்யிற வேலை நடக்குது போல" என்றாள் அவள். அவள் எல்லோரையும் நம்புவாள், என்னைத் தவிர. ஐப்பசியில் ஒருநாள் கம்ப்யூட்டரோடு வந்து, சோதனை என்று சொல்லிக் காட்டினாள். பார்த்தால் திரையில் 'சோதனை விவசாயி' என்று ஒரு ஆள், நம் மேலக்கரையில் அவனுக்கு நிலம்! ஊரில் இல்லாதவன் பெயரில் நம் ஊரில் நிலம் எப்படி வந்தது? நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நேராக வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய், பட்டாவெல்லாம் அந்தந்தப் பெயரில்தான் இருக்கிறதா என்று ஒருதடவை சரிபார்த்துவிட்டு வந்தேன். இருந்தது. இதுவரைக்கும் இருக்கிறது.

பிறகு சங்கத்தில் எல்லோரையும் கூட்டி வரிசையைப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு பெயராக வந்து கடைசியில் 'பெரியநாயகசாமி' என்று முடிந்தது. கூட்டம் மொத்தமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. யாராவது ஒருத்தன் "அது எப்படி, தலைவர் வயல்தானே முதல்ல?" என்று கேட்டிருந்தால் நானும் மறுத்து மறுத்து ஒத்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறக்கவில்லையே! எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். "சரியா இருக்குங்களா ஐயா? இதுல கையெழுத்துப் போட்டா இதுதான் ஓடும்" என்றாள். அத்தனை பேர் எதிரில் என்ன செய்வது? போட்டேன். "இந்த ஒரு அறுப்புக்குப் பழைய முறையும் புது முறையும் சேர்ந்தே ஓடட்டுங்க ஐயா. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம்" என்று வேறு சொன்னாள். ஒப்பிட்டால் ஒன்றில் நான் முதல், மற்றொன்றில் நான் கடைசி, ஊர் சிரிக்கும். "அதெல்லாம் வேணாம்மா, நேரா புதுசுக்கே போயிடலாம்" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். முன்னேற்றத்துக்கு நான் எதிரி இல்லை என்பதை நீங்களும் கவனிக்க வேண்டும்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். கீழக்கரையெல்லாம் சொன்னபடி அறுத்து முடிந்தது. நேற்று மிஷின் மேலக்கரைக்கு வந்தது. டிரைவர் அன்பரசன் ரோட்டில் நிறுத்திவிட்டு, "ஐயா, போன்ல கோவிந்தராசு அண்ணன் வயல்னு காட்டுது. அவர் வயல் உங்க வயலுக்கு அந்தாண்ட. உங்க கதிர் மேலேயே ஏத்திட்டுப் போயிடவா?" என்று கேட்கிறான். "ஏத்துடா பார்ப்போம்" என்றேன். நிறுத்திவிட்டான். தலைவன் என்ற முறையில் "என் வயலை முதலில் அறு" என்று நானே சொல்லலாம். சொன்னால், வழக்கம் என்று நான் சொன்னது பொய் என்று ஊரைக் கூட்டி ஒத்துக்கொள்வதாகிவிடும். அதற்கு நெல் முளைத்துப் போகட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கே கோவிந்தராசு என்ன செய்கிறான் தெரியுமா? வாய்க்கால் மேல் தென்னை மரத்தை வெட்டிப் போட்டு, என் வயலைத் தொடாமல் மிஷினைச் சுற்றி எடுத்துப் போகலாமா என்று ஆட்களோடு அளந்துகொண்டிருக்கிறான். மிஷின் வாய்க்காலில் கவிழ்ந்தாலும் பரவாயில்லை, என் வயல் மட்டும் அறுக்கப்படக் கூடாது. எவ்வளவு வன்மம் பாருங்கள்!

ஆகவே மாப்பிள்ளை, நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கண்டதும் உங்கள் சிநேகிதரிடம் சொல்லி, 'கம்ப்யூட்டரில் தவறு ஏற்பட்டு வரிசை தலைகீழாகிவிட்டது, வருந்துகிறோம்' என்று சங்கத்துக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கு மானமா, மரியாதையா, அது தாங்கிக்கொள்ளும். என் கௌரவமும் நிற்கும், நெல்லும் வீடு வரும். அதோடு அந்தப் பெண்ணையும் இங்கே பராமரிப்பு என்று உட்காரவைக்காமல் வேறு ஊருக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். இதை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டியபோது, "கம்ப்யூட்டர் தப்புன்னா அதைச் செஞ்ச பொண்ணு தப்புன்னுதானே அர்த்தம்? அதுக்கு வேலை போயிட்டா?" என்று கேட்டுவிட்டு, இன்று காலை எனக்குக் காபியே தரவில்லை. விசாரிப்பு எழுதும்போது தன் பெயரைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே நான் மட்டும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதா உங்கள் இருவருக்கும் தீர்க்காயுளும் நல்ல புத்தியும் தந்து காப்பாளாக. புத்தியை உங்களுக்காக மட்டும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
பெரியநாயகசாமி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். இப்போது வெள்ளிக்கிழமை சாயந்திரம். கொரியரில் சேர்க்கலாம் என்று கடிதத்தோடு கிளம்பிப் போனால், ரோட்டில் மிஷினைச் சுற்றி ஊரே நிற்கிறது, நடுவில் சபிஹா. அன்பரசன் போன் பண்ணியதில், தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்திருக்கிறாள். நான் போய் நின்றதும், எல்லோருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னோடதுங்க ஐயா. வரப்புல இறங்கி நானே வழியைப் பார்த்திருக்கணும். பாம்புன்னு சொன்னதும் பயந்துட்டேன். கம்பெனிக்கும் அப்படியே சொல்லிட்டேன்" என்றாள். நான் கையெழுத்துப் போட்ட தாள் அவள் பையில்தான் இருந்தது. அதை எடுக்கவே இல்லை, மாப்பிள்ளை. கடிதம் என் சட்டைப்பையில் நெருப்பு மாதிரி சுட்டது. லின்சி வயதுதான் இருக்கும் அவளுக்கு. வெட்கமாக இருந்தது, வேறு என்ன சொல்ல. "அந்த வரப்புல பாம்பு கிடையாதும்மா, நான்தான் இருந்தேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கோவிந்தராசு வாயைப் பிளந்தான். "என்னண்ணே இது! உங்க வயல் பாதையோரம், அது முதல்லன்னு பச்சைப்புள்ளைக்கும் தெரியும். கடைசின்னு நீங்க சொன்னதும், வேளாங்கண்ணிக்கு ஏதோ வேண்டுதல் வச்சிருக்கீங்கன்னு நினைச்சோம். வேண்டுதலை வெளியில கேக்கலாமா? அதான் யாரும் வாயைத் தொறக்கல. உங்க வேண்டுதல் கெடக் கூடாதுன்னுதாண்ணே என் தென்னமரத்தை வெட்டப் பார்த்தேன்!" அந்த மரம் அவன் காய்ப்பு மரம், மாப்பிள்ளை. சபிஹா வரப்பிலேயே உட்கார்ந்து, 'தலைவர் கடைசி' என்பதை எடுத்துவிட்டு 'பாதையோரம் முதலில்' என்று மாற்றினாள். அன்பரசன் போன் ஒரு சத்தம் கொடுத்தது, மிஷின் சரிவில் இறங்கியது. நம் நெல் களத்துக்கு வந்து தார்ப்பாய் மூடியபிறகுதான் முதல் தூறல் விழுந்தது. மேலக்கரை உள்வயல் அறுப்பெல்லாம் மழை விட்டதும் நடக்கும். அந்தப் பெண் இங்கேயேதான் இருக்க வேண்டும், வேறு ஊருக்கு விடாதீர்கள். உங்கள் அத்தை அவளுக்கும் எனக்கும் காபி கொடுத்தாள், அவளுக்கு முதலில்.

இன்னொன்று. "அறுவடை எந்தெந்த நாள், யாருக்கு எந்த வரிசைன்னு உங்களுக்கு மெசேஜ் போயிட்டே இருந்துச்சே ஐயா, பார்க்கலையா?" என்று சபிஹா கேட்டாள். அவள் நம்பர் கேட்டபோது சந்தேகப்பட்டு உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டேன். ஆகவே 'உங்கள் வயல் கடைசி' என்பது இத்தனை நாளும் உங்களுக்குத்தான் வந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீங்களும் வேண்டுதல் என்று நினைத்தீர்களா? போகட்டும். 'அறுவடை முடிந்தது, திருப்தியா?' என்று இன்றைக்கு ஒரு கேள்வி வந்திருக்குமாம். என் சார்பில் 'ஆம்' என்று போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன், அதை எதற்காகக் கேட்கிறார்கள் என்று மட்டும் ஒருதடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.