முயல் தின்னாத பெத்ரோ மொராலெஸ்

ஒரு காட்டில் பெத்ரோ மொராலெஸ் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் செத்துப்போய்ப் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள். நாலாவது உயிரோடு இருந்தது. அதனால் அதை யாரும் மதிக்கவில்லை.

நம் பக்கத்துக் காட்டில் ஸ்பானியப் பெயர் எப்படி என்று கேட்கலாம். எப்போதோ ஸ்பெயின் தேசத்துக் கப்பல் ஒன்று கரையில் மோதி உடைந்தது. அதிலிருந்து தப்பி வந்த கிளிக்குத் தன் எஜமானின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது. நாளெல்லாம் அதையே கத்தியது. சீமைப் பெயர் வைத்தால் பிள்ளை முன்னுக்கு வரும் என்று நம்பியவர்கள் அதைத் தங்கள் குட்டிகளுக்குச் சூட்டினார்கள்.

முதல் பெத்ரோ மொராலெஸ் ஓநாய், படைத்தளபதி. அவர் காலத்தில் போர் எதுவும் நடக்கவில்லை. பொழுது போகாமல் முயல்களைத் தின்றார். இரண்டாமவர் கழுகு, கவிஞர். ஆயுள் முழுக்கச் சிங்கத்தின் பிடரி மயிரைப் பற்றியே பாடினார். மூன்றாமவர் முதலை, துறவி. ஆற்றில் மீன் தீர்ந்த பிறகு உண்ணாநோன்பு தொடங்கினார்.

நாலாவது ஓர் எறும்புண்ணி. அதற்குத் தெரிந்தது மண்ணைத் தோண்டுவதும் கரையானை நக்குவதும்தான்.

போன கோடையில் காடு பற்றிக்கொண்டது. மூன்று பக்கமும் நெருப்பு, நாலாம் பக்கம் செங்குத்தான பாறை. எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது எறும்புண்ணி பாறைக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அது நிறுத்தவில்லை. அந்தச் சுரங்கத்தின் வழியாக முயல்கள் ஓடின, மான்கள் முட்டி போட்டு நகர்ந்தன, சிங்கராஜா பிடரியைச் சுருட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தார். புகையில் யார் முகமும் தெரியவில்லை.

"தோண்டுறது யாருப்பா?" என்று ராஜா இருமிக்கொண்டே கேட்டார்.

"பெத்ரோ மொராலெஸுங்க" என்றது எறும்புண்ணி. ஊர், குலம் எதையும் அது சொல்லவில்லை. அங்கேதான் கெட்டது.

மழை வந்து காடு துளிர்த்ததும், பெத்ரோ மொராலெஸுக்குச் சிலை வைக்க ராஜா உத்தரவிட்டார். வரலாற்றுக் குழுவின் செயலாளர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. கடைசியில் ஓநாய்ச் சிலை எழும்பியது. 'சுரங்கம் தோண்டிக் காடு காத்த தளபதி' என்று கீழே பொறித்தார்கள்.

எறும்புண்ணியின் மனைவிக்கு மனசு ஆறவில்லை. "நகம் போனது உங்களுக்கு, மாலை விழுறது ஓநாய்க்கா? போய்க் கேளுங்க" என்றது. அதன் வாலில் பிறந்து கொஞ்ச நாளே ஆன குட்டி தொற்றிக்கொண்டிருந்தது.

எறும்புண்ணி கொக்கின் அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, டோக்கன் வாங்கி, சாயங்காலம் உள்ளே நுழைந்தது.

"ஐயா, தோண்டினது நான்தாங்க."

"தோண்டியது பெத்ரோ மொராலெஸ். அதில் சந்தேகமே இல்லை" என்றது கொக்கு.

"நான்தாங்க பெத்ரோ மொராலெஸ்."

"எந்த பெத்ரோ மொராலெஸ்? தளபதியா, கவிஞரா, துறவியா?"

"எறும்புண்ணிங்க."

"அப்படி ஒருவர் வரலாற்றில் இல்லையே."

"தளபதி செத்து ரொம்ப வருஷமாச்சுங்களே. அவர் எப்படிப் போன கோடையில தோண்டுவார்?"

"அதுதான் அவருடைய பெருமை" என்றது கொக்கு. "அடுத்த டோக்கன்."

விஷயம் இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சிலையைப் பார்த்ததும் முயல்களுக்குப் பழைய துக்கம் கிளம்பியது. தங்கள் வம்சத்தைத் தின்றவன் பெயரும் பெத்ரோ மொராலெஸ்தான், நியாயம் வேண்டும் என்று ராஜாவிடம் முறையிட்டன. ராஜா கொக்கைப் பார்த்தார்.

கொக்குக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "காட்டைக் காத்தவர் முயலைத் தின்றிருக்க மாட்டார் மகாராஜா. அப்படியானால் தின்றது வேறு பெத்ரோ மொராலெஸ். கவிஞரும் துறவியும் பெரிய இடம். மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதுவே என் அலுவலகத்துக்கு வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது."

எறும்புண்ணியைப் பிடித்து வந்தார்கள். நீதிபதி ஆந்தை. சுரங்கத்தில் முதலில் தப்பி ஓடிய கிழ முயலே முதல் சாட்சி. "முகம் ஞாபகம் இல்லீங்க. பேரு இதேதான்" என்றது.

"ஐயா, எனக்குப் பல்லே கிடையாதுங்க" என்று எறும்புண்ணி வாயைத் திறந்து காட்டியது.

ஆந்தை எட்டிப் பார்த்தது. "அத்தனை முயலைத் தின்றால் யாருக்கும்தான் பல் விழும்" என்று எழுதிக்கொண்டது. தண்டனை நாடு கடத்தல். கொட்டும் மழையிலேயே குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும். மனைவி வாலை வளைத்துக் குட்டியை அணைத்துக்கொண்டது.

அதைப் பார்த்ததும் எறும்புண்ணிக்கு உள்ளே என்னவோ அறுந்தது. உண்மை பேசி இதுவரை கிடைத்தது ஒரு டோக்கன்தான் என்று அதற்குத் தோன்றியது.

"ஆமாங்க, தின்னேன்" என்றது.

"எத்தனை?"

"யாரு கணக்கு வச்சா? பசிச்சப்ப தின்னேன். பசிக்காதப்பவும் தின்னேன். இப்பக்கூட முன்வரிசையில ஒண்ணு நல்லா கொழுகொழுன்னு இருக்கு."

கிழ முயல் மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்து, அங்கிருந்து பணிவாக ஒரு கும்பிடு போட்டது. கொக்கு இரண்டாவது காலையும் தரையில் ஊன்றியது.

சிங்கராஜா முன்னால் சாய்ந்தார். "இவ்வளவு தின்னவருக்கு ஒரு சுரங்கம் தோண்டுறது பெரிய காரியமா? தோண்டினதும் இவராத்தான் இருக்கணும்."

"எனக்கும் அப்போதே பட்டது மகாராஜா" என்றது கொக்கு. "தளபதியின் வீரம் இவரிடம் அப்படியே இருக்கிறது. வரலாற்றில் சேர்த்துவிடலாம்."

இனி அதை 'அது' என்று சொல்வது மரியாதை இல்லை. அவரை அன்றைக்கே முயல் நலத்துறை அமைச்சர் ஆக்கினார்கள். பதவியேற்பு விழாவில் வாழ்த்துப்பா பாடியவை முயல்கள். அமைச்சர் மாளிகையில் மழை ஒழுகாத அறையில் குட்டி தூங்கியது.

அதற்குப் பிறகு முயல்கள் தினமும் தங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குளிப்பாட்டி, அவர் வாசலுக்கு அனுப்பின. அவர் அதைத் தடவிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். பிறகு கொல்லைப்புறம் போய், யாரும் பார்க்காதபோது கரையான் தின்றார். இப்படியே சில நாள் போனதும் முயல்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கிழ முயல் தலைமையில் ஒரு கூட்டம் வந்து கைகட்டி நின்றது.

"ஐயா, எங்க மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டது. "முன்னெல்லாம் நீங்க இப்படி இல்லையே."

நீதி: ஊரைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் ஊரில் சிலரைத் தின்றிருக்க வேண்டும், தின்ன முடியாதவர் தின்றதாகச் சொல்லவாவது வேண்டும்.