எதிர்ப்புடன் பெறப்பட்ட போன்

இல்லைக்காரர் என்றோர் இனம் இருக்கிறது. அடையாளம் காண்பது எளிது. கையில் புதுப் போன் இருக்கும். முகத்தில், அதை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்கிற களை இருக்கும். மெட்ரோவில் அவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துவிட்டால் போதும், போனை உங்கள் மூக்குக்கு நேராகப் பிடித்து ஆரம்பித்துவிடுவார். அந்தப் போன் நிலாவின் குழிகளைப் படம் எடுக்கும். அதைப் பற்றிப் பேச மாட்டார். மழையில் நனைந்தாலும் வேலை செய்யும். அதைப் பற்றியும் பேச்சில்லை. இயர்போன் செருக ஓட்டை இல்லை, எஃப்.எம். ரேடியோ இல்லை, மெமரி கார்டு போட இடம் இல்லை, பின்மூடியைக் கழற்றி பாட்டரியை எடுத்துச் சட்டையில் துடைத்துத் திரும்பப் போட்டு மனசைத் தேற்றிக்கொள்ள வழி இல்லை, பெட்டிக்குள் சார்ஜர்கூட இல்லை என்று அடுக்குவார். "அப்ப என்னதான் சார் இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "அதைத்தானே நானும் கேக்கறேன்" என்பார். நீங்கள் இறங்கவேண்டிய காளிகாட் போய், ரவீந்திர சரோபரும் வந்திருக்கும்.

இந்த இனத்தில் கத்துக்குட்டிகள் ஏராளம். குறை சொல்லிக்கொண்டே அதே போனில் நாள் முழுக்க வீடியோ பார்ப்பார்கள். அவர்களை விடுங்கள். அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடிக்கு ஏறி, தியாகராஜன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

தியாகராஜன் ஈரோட்டுக்காரர். இங்கே துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வரும் உதிரிபாகப் பெட்டிகளை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உடைப்பார். கூட வந்த பட்டியலோடு ஒப்பிடுவார். எது வரவில்லையோ அதை மட்டும் எழுதுவார். வந்ததை எழுத வேறொரு பிரிவு இருந்தது.

முப்பத்தொரு வருடம் இல்லாததை மட்டுமே எழுதிய மனிதர் வேறு எப்படி இருப்பார்? லேக் மார்க்கெட் ஓட்டலில் தோசை வந்தால், "கெட்டிச் சட்னி வரலை" என்பார். பூஜைப் பந்தலில் பத்தாயிரம் விளக்கு எரிய, எரியாத மூன்று விளக்குகள் எந்தத் தூணில் என்று சொல்வார். காஷ்மீர் போய் வந்தார். திரும்பி வந்து ஒரு வாரம், அங்கே நல்ல தயிர் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்.

இந்த அறிக்கைகளையெல்லாம் பெற்றுக்கொண்ட அதிகாரி அவருடைய மனைவி ராதா. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. போன தை மாதம் அந்த இருக்கை காலியானது.

அதன்பிறகு தியாகராஜன் யாரிடமும் எந்தக் குறையும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இல்லாதபோதுகூட ஒரு வார்த்தை இல்லை. மகள் அக்‌ஷயாவை உண்மையில் பயமுறுத்தியது இதுதான். அவளுக்கு மென்பொருளில் பிழை தேடும் வேலை. ஒரு இயந்திரம் திடீரென்று பிழையே காட்டாமல் நின்றால் அது சரியாகிவிட்டது என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இந்த நிலையில் அவளை ஹைதராபாத்துக்கு மாற்றினார்கள். கிளம்பப் பதினைந்து நாள் இருந்தது. அப்பாவின் பழைய போன் பாட்டரி பூரி மாதிரி உப்பி, காலை பத்து மணிக்கே உயிரை விட்டுவிடும். அவர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருப்பாரா, எங்காவது உட்கார்ந்திருப்பாரா, அங்கிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? ஊரில் எல்லோரும் வாங்கும் அந்தப் போனையே வாங்கி வந்தாள்.

பெட்டியைப் பிரிக்கப் போனவளை அவர் கை நீட்டித் தடுத்தார்.

"பிரிக்காதே கண்ணு. சாட்சி வேணும்."

எட்டு மாதத்தில் அவர் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது என்பதால் அக்‌ஷயா மறுபேச்சுப் பேசவில்லை. துறைமுகத்தில் கூட வேலை பார்த்த முகமது இஸ்மாயில் டாக்குரியாவிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார். இரண்டாவது சாட்சியாகக் கீழ்வீட்டு வங்காளி அம்மாள், எல்லோருக்கும் மாஷிமா, அதாவது சித்தி, வந்தார். ஏழு வருடமாக அந்தக் கட்டடத்தில் எது நடந்தாலும் அவர்தான் இரண்டாவது சாட்சி.

"நோதுன் போன்? மிஷ்டி கோத்தாய்?" என்றார் மாஷிமா, உட்கார்வதற்கு முன்பே. புதுச் சாமான் வந்த வீட்டில் இனிப்பு எங்கே என்பது நியாயமான கேள்வி. தியாகராஜன் அவரை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

பெட்டி திறந்தது.

"சார்ஜர் எங்க?"

"இப்பெல்லாம் தர்றதில்லப்பா. பெட்டி மேலயே போட்டிருக்கு."

"எங்க? இந்த எறும்பு எழுத்துலயா? சரி. புஸ்தகம்?"

"புஸ்தகமும் கிடையாது. நெட்ல பாத்துக்கணும்."

"போனு எப்படி ஓட்டறதுன்னு போனை ஓட்டித்தான் பாக்கோணுமா? இஸ்மாயில், எழுதிக்க."

"விடு தியாகு," என்றார் இஸ்மாயில். "மோட்டாரே இல்லாம வந்த பம்பையெல்லாம் வாங்கி வெச்ச ஆளுங்க நாம."

"வாங்கினோம். கையெழுத்துப் போட்டனா? 'எதிர்ப்புடன் பெறப்பட்டது'ன்னுதானே போட்டேன்?"

இந்த இரண்டு சொற்கள் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். ஸ்டோர்ஸ்காரருக்கு இவை சட்டம். எதிர்ப்புடன் பெறப்பட்ட சாமான் வந்துசேர்ந்தது, ஆனால் ஏற்கப்படவில்லை. அதைத் தனி அலமாரியில் வைக்க வேண்டும். உபயோகித்தால் குறையோடு ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே போன் திரும்பப் பெட்டிக்குள் போயிற்று. பெட்டி ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

உபயோகிக்காமலே குறை கண்டுபிடிப்பது எப்படி? அது ஒரு தனித் திறமை. காபி குடித்துக்கொண்டே, யதார்த்தமாகக் கேட்பது போல, "ஏங்கண்ணு, பழைய போன்ல டிவி ரிமோட்டு மாதிரி சேனல் மாத்தலாமே, இதுல முடியுமா?" என்பார். முடியாது என்பாள். நோட்டுப் புத்தகம் திறக்கும். "மெசேஜ் வந்தா ஓரத்துல பச்சை லைட்டு மினுக்குமே?" மினுக்காது. நோட்டு. பத்து நாளில் நாற்பத்தொரு குறை. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது உண்மை. ஆனால் சட்டைப்பையில் இருந்தது அதே பூரி. ரயிலுக்கு இன்னும் ஐந்து நாள்.

அக்‌ஷயா யோசித்தாள். கெஞ்சுவது அவள் தொழிலில் இல்லை.

"அப்பா, எங்க ஆபீஸ்ல குறையில்லாத சாமான் வெளிய போனதே இல்ல."

"அப்புறம் எப்படி அனுப்பறீங்க?"

"எல்லாக் குறையையும் எழுதி, 'தெரிந்த குறைகள்'னு ஒரு பட்டியல் போட்டு, கூடவே அனுப்புவோம். எழுதிட்டா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம் இல்ல. தெரியும்னு அர்த்தம்."

தியாகராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஓய்வுபெற்ற பின் ஒரு புது விதி கேள்விப்படுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"எழுத்துல இருக்குமா அது?"

"எழுத்துலதான்."

"யாரு வாங்கிக்குவா?"

"நான் வாங்கிக்கறேன்."

அன்றைக்கே தற்காலிக ஏற்பு ஆணை தயாரானது. தினமும் மாலை ஏழரைக்கு ஒரு குறை, போன் மூலம். பெறும் அதிகாரி நடுவில் துண்டிக்கக் கூடாது. ஒரு குறையை ஒருமுறைதான் சொல்லலாம். திரும்பச் சொன்னால் அது அறிக்கையல்ல, புலம்பல். இருவரும் கையெழுத்திட்டார்கள். பிளாஸ்டிக் தாளை யார் உரிப்பது என்று அவர்கள் தயங்கி நின்றபோது மாஷிமா ஒரே இழுப்பில் உரித்துவிட்டு, மறுபடியும் மிஷ்டி கேட்டார். இந்த முறை கிடைத்தது.

ஹைதராபாத்தில் முதல் நாள் ஏழரைக்கு மணி அடித்தது.

"நாப்பத்திரண்டு. வந்த வழியே திரும்பிப் போகப் பொத்தான் இல்லை."

"ஓரத்துல இருந்து தள்ளினாப் போகும்பா."

"தள்ளினாத்தான் போகும்னா அது டாக்குரியா ஆட்டோ கண்ணு. போன் இல்ல."

குறை சொல்லி முடிக்க மூன்று நிமிடம். பிறகு முப்பது நிமிடம் மற்றவை கசியும். இஸ்மாயிலின் முட்டிவலி. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வந்தது, முற்றல். மழைத் தண்ணீர் இரண்டாவது படிவரை ஏறியது. பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தார், சுமாராக வந்தது. அக்‌ஷயா எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டாள். ஏழரைக்குக் கூட்டம் வைத்த மேனேஜரிடம், தனக்கு அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் இருப்பதாகச் சொன்னாள். மிகக் கடினமான வாடிக்கையாளர் என்றும் சொன்னாள்.

ஐம்பது போயிற்று. அறுபது போயிற்று. எழுபத்து நான்காவது குறை பேச்சைப் பதிவுசெய்ய வசதி இல்லாதது. எண்பதாவது, திறந்து கிடக்கும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மூட முடியாதது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரன் புத்திகெட்டுப்போய் எல்லாப் போனுக்கும் புது வசதிகளை அனுப்பிவைத்தான்.

"பதினொண்ணு போச்சு கண்ணு," என்றார் தியாகராஜன். துரோகம் செய்யப்பட்ட குரல். "சொல்லாமக் கொள்ளாம சேர்த்துட்டான். எழுபத்தி நாலு, எண்பது, இனிமே சொல்ல வெச்சிருந்தது எல்லாம் அடிச்சாச்சு."

புதன்கிழமை ஏழரைக்கு மணி அடிக்கவில்லை. வியாழனும் இல்லை. வெள்ளியன்று அவள் கூப்பிட்டாள். ஏழாவது மணியில் எடுத்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே."

"ஏன் கூப்பிடலை?"

"குறை ஏதும் இல்ல கண்ணு. எண்பத்தி நாலோட முடிஞ்சுது. குறையில்லாம எப்படிக் கூப்பிடறது?"

"சும்மா கூப்பிடுங்க."

"சரி," என்றார். போன தை மாதத்துக்குப் பிறகு எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்த அதே "சரி". கூப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். சும்மா என்பதற்கு எந்த விதியிலும் இடம் கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை, அறுபது பேர் உட்காரும் ஆபீஸில் இரண்டே பேர். அடுத்த மேஜையில் சிபியிடம் அதே போன் இருந்தது. கடனாக வாங்கினாள். நாலாயிரம் பிழை கண்டுபிடித்தவள், இது ஒரு பெரிய வேலையா? தேடினாள். ஒன்று கிடைத்தது, அப்பா படம் எடுத்து அனுப்பியிருந்த நோட்டுப் பக்கங்களில் பார்த்தால் அது பன்னிரண்டு. இன்னொன்று கிடைத்தது, முப்பத்தேழு. மிகவும் நுணுக்கமாக ஒன்றைப் பிடித்தாள். ஐம்பத்தொன்பது, அதுவும் அவளைவிடத் தெளிவாக எழுதியிருந்தார். இவரை நம் கம்பெனியில் எடுத்திருந்தால் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது, அந்த நான்கில் தானும் ஒருத்தி என்பதோடு. சிபி இரண்டு முறை போனைத் திருப்பிக் கேட்டான். மாலை ஆறு மணிக்கு, அலாரத்தை நோண்டிக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது.

உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, அலாரம் அடிச்சதும் கொஞ்ச நேரம் தள்ளிப் போடுவோமே. உங்க போன்ல எத்தனை நிமிஷம் கழிச்சுத் திரும்ப அடிக்குது?"

"நான் எதுக்குத் தள்ளிப் போடறேன்? அஞ்சு மணிக்கே முழிச்சுக்கறேனே."

"இப்பப் போட்டுப் பாருங்க. வாட்ச் வெச்சுப் பாருங்க. சாட்சியோட."

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் உரசும் சத்தம். "இஸ்மாயில் இங்கதான் டீ குடிச்சிட்டிருக்கான். வைக்கறேன்."

இருபத்தாறு நிமிடம் ஆனது. ஏழரை மணிக்காக அவர் காத்திருக்கவில்லை.

"ஒம்போது கண்ணு."

"ஆமாப்பா."

"பத்து இல்ல. ஒம்போது நிமிஷம். ரெண்டு தடவை பாத்தாச்சு. இஸ்மாயில் வாட்ச்லயும் ஒம்போது, மாஷிமா மொபைல்லயும் ஒம்போது. ஒரு நிமிஷம் வரலை. மாத்திக்கலாமான்னு பாத்தேன், மாத்தவும் வழி இல்லை."

"எண்பத்தஞ்சு. பெறப்பட்டது."

"இரு, இரு. அதுக்குள்ள பெற்றுக்காதே. தினம் ஒரு நிமிஷம்னா வருஷத்துக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு நிமிஷம். ஆறு மணி நேரம். ஒரு ஆளுக்கு ஆறு மணி நேரம்னா, இந்த மெட்ரோல போறவன் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பாரு. அத்தனையையும் இவன் எந்த குடோன்ல வெச்சிருக்கான்?"

பின்னணியில் இஸ்மாயில், "முதல்ல உன் டீயைக் குடி, ஆறிப்போச்சு" என்றார். "டீயில இஞ்சி இல்லை, நான் சொல்லாம விட்டேன்" என்று பதில் வந்தது. அக்‌ஷயா மேஜையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். ஒரு மணி பத்து நிமிடம் பேசினார். உப்பு பற்றி, ஏரிக்கரையில் உடைந்த பெஞ்சு பற்றி, ராதா வாங்கிவைத்த குக்கருக்கு இந்த ஊரில் எந்தக் கடையிலும் வளையம் கிடைக்காதது பற்றி. எல்லாம் பெறப்பட்டது.

அவள் நிமிர்ந்தபோது சிபி இன்னும் நின்றுகொண்டிருந்தான். போனுக்காக என்று நினைத்தாள்.

"அக்‌ஷயா, நிஜமாவே ஒன்பதுதானா?"

"ஒன்பதுதான்."

"நாலு வருஷமா இந்தக் கம்பெனி போன்லதான் எந்திரிக்கறேன்," என்றான். அவன் முகத்தில் மெல்ல ஒரு களை படர்ந்தது. தன் மேஜைக்குப் போய் ஒரு தாளை எடுத்து, மேலே ஒன்று என்று எழுதினான்.

இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. கடியும் இல்லை, தும்மலும் இல்லை, ஒரே ஒரு தகவல் போதும். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். நீங்கள் அந்த ரகமே இல்லை. சற்று முன்பு படிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் போனில் அலாரத்தைத் திறந்து பார்த்தது வெறும் ஆர்வத்தினால்தான். திறந்ததும், இது என்ன, இங்கே ஒரு பொத்தான் இருக்கவேண்டுமே என்று தோன்றியதும் தற்செயல்தான். இப்போது அதை யாரிடமாவது சொன்னால் தேவலை போல் இருக்கிறது, அவ்வளவுதானே? எண்ணைப் போடுங்கள். அந்தப் பக்கம் எடுத்துவிட்டால் உங்கள் பாடு யோகம். எடுத்தவர் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம்.