எங்கள் சிக்னல் ஜாஸ் ஆடிய கதை

திருச்சி மாவட்டத்திலேயே ஜாஸ் டான்ஸ் ஆடி இருபது டன் இரும்பை அந்தரத்தில் நிறுத்தியவர் ஒருவர்தான். எங்கள் சிக்னல். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு ஷெட்டில் நான் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் லோடு ஏறும். கீழ்நோக்கிச் சுழற்றினால் இறங்கும். இரண்டு கையையும் விரித்தால் எமர்ஜென்சி ஸ்டாப், எல்லாம் நிற்க வேண்டும். மேலே கேபினில் கிரேன் ஓட்டும் ஆரோக்கியம் அண்ணன் பதினெட்டு வருடமாக அந்தக் கையைத் தவிர வேறு எதையும் நம்பியதில்லை. முதலாளியே கத்தினாலும் அந்தக் கை அசையாமல் பட்டனைத் தொட மாட்டார்.

லோடு பத்திரமாகத் தரையில் உட்கார்ந்ததும் சிக்னல் போய் அதை இரண்டு தட்டு தட்டிக் கொடுப்பார். எதற்கு என்று கேட்டால், "பயந்திருக்கும்ல" என்பார்.

இந்த மனிதர் நாற்பத்திரண்டு வயதில் போனில் டான்ஸ் கிளாஸ் சேர்ந்தார். முதுகு வலிக்கு எக்சர்சைஸ் தேடும்போது கை தவறி அமுக்கிவிட்டதாக அவர் தரப்பு. பெங்களூரிலிருந்து ஒரு மேடம் தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஜாஸ் என்றால் தோள் தனியாக, கழுத்து தனியாக வெட்டி வெட்டி ஆடுவதாம். இன்னொரு பாணி ரிலீஸ்; மூச்சை விட்டு, உடம்பைத் தளர்த்தி, எடையைத் தரைக்குக் கொடுத்துவிடுவதாம். இரண்டையும் கலந்து மூன்றரை நிமிடத்துக்குத் தனி ஆட்டம் ஒன்று அமைக்கப்போவதாக ஒருநாள் டீ நேரத்தில் அறிவித்தார்.

"ஜாஸ்னா செயினை டைட் பண்றதுங்க. ரிலீஸ்னா செயினைக் கழட்டறது. அவ்வளவுதான் விஷயம்."

நாங்கள் தலையாட்டினோம். அன்றைக்கு டீ அவர் வாங்கியது.

ஆட்டத்தில் எங்கே நடப்பது, எங்கே திரும்புவது என்று பார்க்க, ஷெட்டில் கிடந்த பெரிய தகட்டின் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் கேஸ் கட்டிங் முருகேசன் அந்தக் கோட்டின் மேலேயே டார்ச்சை ஓட்டி அறுத்து முடித்துவிட்டார். எங்கள் ஷெட்டில் தகட்டில் கோடு இருந்தால் அறுப்பார்கள். ஏன் என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

"டிராயிங் ஒரு மாதிரியா இருந்துச்சு. எக்ஸ்போர்ட் ஆர்டர்னு நினைச்சேன்" என்றார் முருகேசன். சிக்னல் அறுத்த தகட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, "மூணாவது திருப்பம் நல்லா வந்திருக்கு" என்றார்.

அடுத்த வாரம்தான் அந்த இருபது டன். பாய்லர் டிரம் ஒன்றைத் தூக்கியாகிவிட்டது. கீழே வண்டி வர ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் மனிதருக்கு ஆட்டம் ஞாபகம் வந்துவிட்டது. தோள் வெட்டியது, விரல் சுழன்றது. டிரம் ஏறியது, இறங்கியது, இடப்பக்கம் போனது, மறுபடி ஏறியது. எட்டாவது கவுன்ட்டில் இரண்டு கையையும் விரித்து உறைந்து நின்றார். டிரம்மும் நின்றது. சரியாக எங்கள் சாப்பாட்டு பெஞ்சுக்கு மேலே.

எமர்ஜென்சி ஸ்டாப் கொடுத்துவிட்டால் சேஃப்டி ஆபீசர் வந்து பார்க்காமல் கிரேன் அசையக்கூடாது. அவர் லால்குடியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். தொங்கும் லோடுக்கு அடியில் யாரும் போகவும் கூடாது. எங்கள் பதினொரு பேரின் டிபன் கேரியர்களும் அதற்கு அடியில்தான் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டை நாலரை மணிக்குச் சாப்பிட்டோம். ஆரோக்கியம் அண்ணன் கேபினிலிருந்து இறங்கி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த ஆறாவது சிக்னல் என்னப்பா? இத்தனை வருஷத்துல பார்த்ததில்லையே."

எடமலைப்பட்டி புதூரில் சிக்னல் வீட்டிலும் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. மனைவி லதா முடிவாகச் சொல்லிவிட்டார். "கடையில தக்காளி பொறுக்கும்போதுகூட தோளு தனியா போகுதுங்க. எல்லாரும் பார்க்கறாங்க. ஸ்ரீரங்கத்துல ஏதோ டான்ஸ் குரூப்புக்கு செலக்‌ஷன்னீங்களே, அது ஒரு தடவை ஆடிக்குங்க. எடுக்கலைன்னா இதோட விட்டுடணும்."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, ஸ்டோர்ஸில் என் எதிரே உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. ஏனென்றால் ஆட்டத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. கையை விரித்து நிற்பது வரைக்கும் ஜாஸ். அங்கிருந்து அப்படியே தளர்ந்து தரைக்கு வந்துவிட வேண்டும். அவருக்கு விழத் தெரியவில்லை. விழுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்ப்பார். "தள்ளு, தள்ளு" என்பார். பிறகு முட்டி போட்டு, தரையைக் கையால் தடவிப் பார்ப்பார். போனில் மேடம் கெஞ்சாத குறை.

"சார், வெயிட்டை அப்படியே விட்டுடுங்க."

"சிக்னல் இல்லாம எப்படி மேடம் இறக்கறது?" என்றார் இவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் செலக்‌ஷன். ஷெட்டிலிருந்து போன நாங்கள் நாலாவது வரிசையை அடைத்துக்கொண்டோம். லதா நடுவில். என் பக்கத்தில், யாரோ சொந்தக்காரப் பெண் ஆடுவதைப் பார்க்க வந்த உள்ளூர் மாமா ஒருவர்.

சிக்னல் நன்றாகவே ஆடினார். எங்களுக்கே ஆச்சரியம். கடைசியில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பாட்டு முடிந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். கண் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தது. லதா முந்தானையை முறுக்க ஆரம்பித்தார்.

"ஏன் ஸ்வாமி, அவருக்கு என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"லோடு இறங்கலைங்க" என்றேன்.

அப்போது ஆரோக்கியம் அண்ணன் எழுந்தார். வலது கையை நீட்டி, ஒரு விரலைக் கீழே காட்டி, மெதுவாகச் சுழற்றினார்.

சிக்னல் அந்த விரலைப் பார்த்தார். மூச்சை விட்டார். தோள் தளர்ந்தது, முதுகு தளர்ந்தது, முட்டி மடிந்தது, அங்குலம் அங்குலமாக ஆள் இறங்கினார். நாலாவது வரிசை முழுக்கப் பழக்கதோஷத்தில் நாற்காலியோடு இரண்டடி பின்னால் தள்ளிப்போனது. நான் மாமாவின் காலை மிதித்துவிட்டேன். விரல் நின்றபோது அவர் தரையில் கிடந்தார். இறங்கிய சத்தமே இல்லை.

நடுவராக வந்திருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவரை எடுத்துக்கறோம்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். லதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே தக்காளியை நான் பொறுக்கிக்கறேன்" என்றார். சிக்னல் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆரோக்கியம் அண்ணன் மேடையேறிப் போய், குனிந்து, அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டிக் கொடுத்தார்.

"பயந்திருக்கும்ல" என்றார் எங்களைப் பார்த்து.

இப்போது எந்த ஊரில் ஆடினாலும் நாலாவது வரிசையில் ஆரோக்கியம் அண்ணனுக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர்கள் இரண்டு பேரும் வெளியூர் போகிற நாளில் கிரேன் ஓடாது. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு மத்தியானமே கிடைத்துவிடுகிறது. அவர்கள் இல்லாமல் அது ருசிப்பதில்லை.