வியாழக்கிழமைக் காய்ச்சல்

வியாழக்கிழமைகளில் மனைவியை எப்படியாவது வீட்டிலேயே இருக்க வைத்துவிடுவது என்று அர்விட் முடிவு கட்டினார்.

'வீட்டில் இரு' என்று சொல்லிவிட்டால் போச்சே என்பீர்கள். மனிதர் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் மினசோட்டாக்காரர். அந்த ஊரில் கால் முறிந்து கிடப்பவனைக் கேட்டாலும் 'பரவாயில்லை' என்பான். வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது அங்கே சட்டை போடாமல் தேவாலயம் போவது மாதிரி.

வியாழன் மதியம் ஒரு மணிக்கு மனைவி சோல்வெய்க் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஏழு பெண்களோடு உட்கார்ந்து துண்டுத்துணிப் போர்வை தைப்பாள். ஐந்து மணி வரை அர்விட்டுக்குத் துணை மடிக்கணினிதான். அதில் தனியாகச் சீட்டாடுவார். வெளியே பனி கொட்டும். ஜெயித்தால் சொல்ல ஆள் இல்லை. தோற்றால் கேலி பண்ணவும் ஆள் இல்லை. இரண்டாவதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

ஒரு வியாழன், மடியில் போர்வை போட்டு அதன்மேல் வைத்திருந்த கணினி கொதித்தது. விசிறி அலறியது. பொசுக்கென்று அணைந்துவிட்டது. பூட்ஸும் கையுமாக நின்ற சோல்வெய்க் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையை இருபது வருஷம் கட்டி மேய்த்தவள்.

"போர்வை மேல வெச்சா அது எப்படி மூச்சு விடும்? காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கு பாரு!"

"அப்படியா?"

தூசியைத் துடைத்தாள். பிஸ்கட் ஆறவைக்கும் கம்பித் தட்டைக் கொண்டுவந்து அதன்மேல் கணினியை வைத்தாள். சூடு அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தையலுக்கு நேரமாகிவிட்டது, போகவில்லை.

"அந்த ராணியை முதல்ல எடுத்திருக்கணும், மண்டு!" என்றாள், அவர் தோற்றபோது. அர்விட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதிலிருந்து வியாழன்தோறும் சரியாகப் பன்னிரண்டே முக்காலுக்குக் கணினிக்குக் காய்ச்சல் வந்தது. கம்பித் தட்டின்மேல் வைத்தும் வந்தது. நான்காவது வாரம் தட்டுக்கும் கணினிக்கும் நடுவிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவினாள் சோல்வெய்க்.

"இது என்ன?"

"அதுக்குக் குளிருமேன்னு..."

"ம்."

அதற்குமேல் கேட்கவில்லை. அவளும் மினசோட்டாக்காரிதானே.

அடுத்த வியாழன் மணி ஒன்றாகியும் அவள் பூட்ஸைத் தொடவில்லை. அர்விட்டுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அழைப்பு மணி அடித்தது. ஏழு பெண்கள், ஏழு தையல் பைகள். வந்ததும் ஒருத்தி அவருடைய சாய்வு நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள்.

"நீ சமையலறை மேசைக்குப் போ," என்றாள் சோல்வெய்க். "கெட்டியா, தட்டையா இருக்கு. அங்க வெச்சா சூடே ஆகாது."

அர்விட் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "நீ மட்டும் வீட்டுல இருக்கணும்னுதானே நான்..."

"அதை எப்பச் சொன்னே? வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தா இருந்திருப்பேனே."

அறுபத்தொன்பது வருஷப் பழக்கத்தை அர்விட் அங்கேயே உதறினார்.

"இப்பக் கேக்கறேன். தனியா இருக்க முடியல, சோல்வெய்க். என்கூட இரு."

அவள் முகம் இளகியது. அவர் சட்டைக் காலரை மெல்லச் சரிசெய்தாள்.

"இங்கதான் இருக்கப் போறேன். பனி உருகுற வரைக்கும் தையல் நம்ம வீட்டுலதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எட்டுப் பேருக்குக் காபி போடு."