ஐஸ் கொம்பனிப் பங்கு, விலை முப்பத்தாறு

மூன்று வாரமாகியும் புத்தகத்தில் ஒரு பெயரும் இல்லை. பிரகலாதன் அதை மூடினான். திரும்பத் திறந்தான். அப்போதும் இல்லை.

வல்வெட்டித்துறையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடும் தம்பிஐயா தன் கொம்பனியைப் பங்குகளாக்கி விற்கிறார். பிரகலாதன் வேலை செய்யும் கொழும்பு முதலீட்டு வங்கி எல்லாப் பங்குகளையும் அவரிடம் மொத்தமாக வாங்கி, சனத்துக்கு விற்கும். மிஞ்சினால் வங்கியின் தலையில். அதனால் யார் எத்தனை பங்கு, என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்று முதலில் புத்தகத்தில் எழுதி, அதைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். எழுதுவது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கிளையின் பொறுப்பு. கிளை என்றால் பிரகலாதன், ஒரு மேசை, ஓடாத ஏசி.

"இந்த மாதம் புத்தகம் நிரம்பாட்டில் கிளையை மூடுறம்," என்றார் தொலைபேசியில் மார்கிரட். தலைமை அலுவலகமான கொழும்புக் கந்தோரில் விலை போடுபவர் அவர். "உம்மையும் சேர்த்துத்தான்."

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. இது நாலாவது வேலை. ஐந்தாவதை யாரும் தரப்போவதில்லை.

இருபத்தைந்து ரூபா என்று சொல்லிவந்த பங்கைப் பதினெட்டுக்கு இறக்கினான். அடுத்த நாளே தம்பிஐயா வந்து நின்றார்.

"என்ன தம்பி, என்ரை கொம்பனியைப் பழைய இரும்பு விலைக்குக் குடுக்கிறீர்?"

"சனம் வாங்குதில்லை ஐயா."

"சனத்துக்கு என்ன வேணுமெண்டு கேட்டனீரோ?"

கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் நமசிவாயத்தின் வீட்டுக்குப் போய்க் கேட்டான்.

"விலை இறங்குதெண்டால் உள்ளுக்கை ஏதோ பழுது," என்றார் அதிபர். "இருபத்தைஞ்சிலை யோசிச்சனான். இனி யோசிக்கவும் மாட்டன்."

"திரும்ப ஏத்தினால்?"

"ஏத்தினால் கள்ளன் எண்டுவன்."

இதைத் தம்பிஐயாவிடம் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"கையிலை ஒரு கடுதாசி குடும் தம்பி. வெறுங்கையோடை திரும்பிறது எங்கடை ஆக்களுக்குப் பிடிக்காது."

பிரகலாதன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தான். இத்தனை லட்சம் ரூபா பெறுமதியான பங்குகள் இன்னார் பெயரில் ஒதுக்கப்பட்டுள்ளன. கீழே வங்கியின் முத்திரை. காசு இப்போது வேண்டாம், விலை முடிவான பிறகு கட்டலாம்.

மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வரிசை பலாலி வீதிவரை போனது. முதல் ஆள் அதிபர்.

"யோசிக்கவும் மாட்டன் எண்டியள் ஐயா."

"யோசிக்கேல்லைத்தான். எழுதும், ஐம்பதினாயிரம் பங்கு."

"பதினெட்டு ரூபாவுக்கோ?"

"முப்பத்தாறு எண்டு போடும். தொகை கொஞ்சம் பெரிசாய் வரட்டும்."

"ஐயா, பதினெட்டுக்கே தாறம் எண்டுதானே..."

"உமக்கென்ன, எழுதுமன்."

பின்னால் நின்றவர்கள் நாற்பது என்றார்கள். ஒருவரும் ஐஸைப் பற்றிக் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் வரிசை கலைந்துவிடும். பிரகலாதன் முத்திரையைக் குத்தினான்.

புத்தகம் ஒன்பது மடங்கு நிரம்பியது. மார்கிரட் முதல்முறையாகச் சிரித்தார். முப்பத்தாறு என்று விலை போட்டார். வங்கி தம்பிஐயாவுக்கு முழுக் காசையும் கொடுத்தது.

சனம் காசு கட்டவேண்டிய வாரம் வந்தது. சனம் வரவில்லை. பிரகலாதன் இருநூறு பேருக்கு அழைத்தான். பாதித் தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. மீதியை எடுத்தவர்கள், ஆள் வீட்டில் இல்லை என்றார்கள்.

"மிஞ்சினது எவ்வளவு?" என்று மார்கிரட் கேட்டார்.

"எல்லாம்."

"அப்ப ஐஸ் கொம்பனி எங்கடை. போய்ப் பூட்டுத் திறப்பை வாங்கும். அனுப்பிப்போட்டு நீர் வீட்டை போம்."

வல்வெட்டித்துறையில் இயந்திரம் ஓடவில்லை. வாசலில் ஒரு ஐஸ் கட்டி கரைந்து மணலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கொம்பனியைக் கூட்டித் துடைக்கும் சின்னாச்சி மட்டும் நின்றாள்.

"முதலாளி எங்கை?"

"கனடாவுக்குப் போயிட்டார். விசா எடுக்க ஊரிலை சொத்திருக்கெண்டு காட்ட வேணுமாம், உங்கடை கந்தோரிலை அதுக்குச் சும்மா கடிதம் குடுக்கினமெண்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டது அவர்தானே," என்றாள் சின்னாச்சி. "எனக்கும் ஒண்டு அடிச்சுத் தருவியளே தம்பி?"